அப்பா கேமராவை மறந்த பிறகு

அப்பாவின் சதாபிஷேகத்துக்காக மும்பை மாட்டுங்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கேமராவை எடுத்தாலே அப்பாவின் முகம் பாஸ்போர்ட் படம்போல் இறுகிவிடும். குழந்தைகளும் "சிரி" என்றால் பல்லை மட்டும் காட்டுவார்கள். அதை இந்த முறை சரிசெய்தேன்.

வரிசையாக நிற்கும் படத்தை முதலிலேயே எடுத்து முடித்தேன். கடமை தீர்ந்தது என்றதும் எல்லோருக்கும் தோள் தளர்ந்தது. உண்மையான வேலை அதன் பிறகுதான்.

அம்மாவிடம் மல்லிகைப்பூவும் நாரும் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அண்ணன் மகளை அப்பாவிடம் அனுப்பி, தாதர் எக்ஸ்பிரஸில் முதன்முதலாக பம்பாய் வந்த கதையைக் கேட்கச் சொன்னேன். கைக்கு வேலையும் வாய்க்குக் கதையும் கிடைத்தால் யாரும் கேமராவைக் கவனிப்பதில்லை.

வெளியே மழை, வெளிச்சம் குறைவு. ஆனாலும் டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் முகத்தில் பச்சை ஏறும். ஃபிளாஷும் வேண்டாம், ஒருமுறை மின்னினால் மறுபடி எல்லோரும் விறைப்பாகிவிடுவார்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன், 1600; அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 4; ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 250-இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும், பரவாயில்லை. அசைவில் கலங்கிய முகத்தைத்தான் பிறகு மீட்க முடியாது.

ரயிலில் கட்டுச்சோறு தீர்ந்துபோன இடம் வந்ததும் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பேத்தி அவர் தோளில் சாய்ந்தாள். அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே கதையைத் திருத்தினார். கூடத்தில் மாட்ட அந்தப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.