பிரிட்டனில் 'சட்ஸ்': சிங்க் முதல் லேத் வரை

ஊரில் சோப்பு, பால், கடல் எல்லாவற்றுக்கும் நமக்கு நுரை ஒன்றுதான். இங்கே சோப்புத் தண்ணீர் நுரைக்கு 'சட்ஸ்' என்று தனிப்பெயர் உண்டு. அமெரிக்கர் யாராவது சொன்னால் பீராகக்கூட இருக்கலாம். எங்கே நின்று கேட்கிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும் சொல் இது.

முதலில் வீடு. கையால் பாத்திரம் கழுவும் லிக்விடை டிஷ்வாஷரில் ஊற்றிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் விட்டாலே கதவிடுக்கில் நுரை பிதுங்கித் தரையில் வழியும். துணி சோப்புத்தூளுக்கும் ஊர்க்கணக்கு உண்டு. லண்டன் பக்கத்துத் தண்ணீர் நம் போர் தண்ணீர் மாதிரி, லேசில் நுரைக்காது. கிளாஸ்கோவுக்கு வருவது காட்ரின் ஏரித் தண்ணீர். சிறுவாணி போல, கொஞ்சம் தூளுக்கே பொங்கும். பாக்கெட்டின் பின்புறம் தண்ணீரின் தன்மைக்கேற்ற அளவு போட்டிருக்கும், பார்த்துப் போடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பட்டறையைப் பற்றி. கோவையில் லேத் ஓட்டிப் பழகிய நாம் 'கூலன்ட்' என்போமே, அதை இங்குள்ள பழைய டர்னர்கள் பலர் 'சட்ஸ்' என்பார்கள். இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றும், எண்ணெய் கலந்து பால்போல் வெளுத்த தண்ணீர். நான் சேர்ந்த முதல் வாரம், சட்ஸ் குறைந்திருக்கிறது, பார் என்று ஃபோர்மேன் சொன்னார். கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று எண்ணி அதை நிரப்பிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் லேத்தில் புகை. இரும்புச் சுருள் நீலம் பாரித்து விழுந்துகொண்டிருந்தது. புரியாத சொல்லை அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

இந்த சட்ஸைக் கலக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காமல் திரிந்துவிடும். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற அளவுக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணளவு போதாது. சனி, ஞாயிறு மெஷின் நின்று, திங்கள் காலை அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தொட்டியில் பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று அர்த்தம். உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

அந்தத் திரவம் தோலில் படப்படக் கை வெடித்து அரிக்கும். அதன் புகைமூட்டத்தைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். லீவில் இருமல் தணிந்து, வேலைக்குப் போனதும் திரும்புகிறதா? ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிற தம்பிகளைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. தொழிலாளியின் மூச்சையும் தோலையும் காப்பது இங்கே முதலாளியின் சட்டக் கடமை.

பிறகு வீடு வாங்கும்போது, கவுன்சில் (உள்ளாட்சி) தாள்களில் 'சட்ஸ்' மறுபடி வரும். அது 'சஸ்டைனபிள் டிரெய்னேஜ் சிஸ்டம்ஸ்' என்பதன் சுருக்கம்; மழைநீரைச் சாக்கடைக்கு விரட்டாமல் நிலத்திலேயே இறங்கவிடும் வடிகால் முறை. கார் நிறுத்த முன்வாசலுக்கு சிமெண்ட் போட நினைப்பவர்கள் கவனியுங்கள்: இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, மழைநீர் புல்தரைக்கோ பூச்செடிப் பாத்திக்கோ போக வழி விடாவிட்டால், முன்கூட்டியே திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) வாங்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுக் கல் பதித்தாலோ, சரளை கொட்டினாலோ அந்த அனுமதி தேவைப்படாது.