கோவளத்தில் ஓர் இரவைக் கழிப்பது எப்படி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் கோவளம் வருகிறது. கேரளத்துக் கோவளத்தையோ கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள கோவளத்தையோ நான் குறிப்பிடவில்லை; செங்கல்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காட்டு உப்பங்கழி கடலில் கலக்கும் முகத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மீனவர் ஊரைச் சொல்கிறேன். இதைப் பகலில் பார்த்தவர்கள் ஏராளம். சனி, ஞாயிறுகளில் மாலை ஏழு மணி வரை கடற்கரையில் நிற்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிய பிறகு ஊருக்கென்று மிஞ்சும் இரவைப் பார்க்க விரும்புபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கே இரவு என்பது விடிய விடிய விழித்திருப்பது அன்று. கடலுக்குப் போகிறவர்கள் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்திருக்கும் ஊர் என்பதால், கோவளத்தின் இரவு இரண்டு துண்டுகளாகக் கிடைக்கிறது. மாலை ஆறரையிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை ஒன்று. விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரம் இன்னொன்று. நடுவில் ஊர் தூங்குகிறது, நீங்களும் தூங்கத்தான் வேண்டும். நகரத்து வழக்கப்படி பத்து மணிக்கு வந்து இறங்குபவருக்கு இழுத்து மூடிய கடைகளையும் தெருநாய்களையும் தவிர வேறொன்றும் காணக் கிடைக்காது; கூடவே, சுற்றுக்காவல் போலீசாரின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. வார நாளாக இருக்கட்டும். செவ்வாயும் புதனும் மிக அமைதியானவை. வியாழக்கிழமை இரவில் தமீம் அன்சாரி தர்காவுக்கு வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் வரும். அதுவும் பார்க்கத்தக்க இரவுதான், ஆனால் அதன் அமைதி வேறு வகையானது. நிலவுக்காக வருபவர்கள் பௌர்ணமியன்றே வருவதைவிட இரண்டு நாள் கழித்துத் தேய்பிறைத் துவிதியையில் வருவது நல்லது என்பது என் அனுபவம். பௌர்ணமியன்று கதிரவன் மேற்கே மறையும் வேளையிலேயே நிலவு கிழக்கே எழுந்துவிடுவதால், வெளிச்சம் வடியாத வானத்தில் அது வெளிறித் தெரியும். அடுத்தடுத்த நாட்களில் நிலவெழுச்சி ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே இரண்டாம் நாளில், நன்கு இருட்டிய கடலின் விளிம்பிலிருந்து செம்பு நிறத்தில் நிலவு கிளம்புவதைக் கிழக்கு நோக்கிய இந்தக் கரையிலிருந்து முழுவதுமாகப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் புயல் எச்சரிக்கை உள்ள நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே சிறந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதால் மீன் விலை ஏறிவிடும். தட்டில் விழும் மீன் துண்டும் சிறுத்துவிடும்.

பாரிமுனையிலிருந்து வரும் 109 எண் மாநகரப் பேருந்து ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருப்பவர்கள் கேளம்பாக்கம் வழியாக உப்பங்கழியைக் கடந்து வரலாம். மாலையில் அந்தச் சாலையில் வந்தால் கழியின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டே போவதைக் காணலாம். எந்த வழியில் வந்தாலும் ஐந்தரை மணிக்குள் வந்து சேர்ந்து, முதல் வேலையாகத் தங்குமிடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய விடுதிகளைத் தவிர, அலைச்சறுக்கு பழக வருபவர்களை நம்பி ஊருக்குள் சிறு விடுதிகளும் வீட்டு அறைகளும் இருக்கின்றன. அவற்றில் தங்குவதே நம் நோக்கத்துக்கு ஏற்றது. கடற்கரையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். அது பாதுகாப்பும் இல்லை, மரியாதையும் இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ஊரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. இருட்டில் வழி தெரியும் என்பதோடு, எந்த இடம் எவருடையது என்பதும் புரிந்துவிடும். கடற்கரையின் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற பகுதி வேலியிட்டுக் கட்டணம் வைத்துப் பராமரிக்கப்படுகிறது. அது பகல் விருந்தினர்களுக்கானது. மீனவர் குடியிருப்பை ஒட்டிப் படகுகள் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும் மணல்தான் ஊரின் முற்றம். ஆர்க்காட்டு நவாப் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே இருந்தது. 1752-இல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார்; பின்னர் அது தகர்க்கப்பட்டது. கார்மேல் மாதா ஆலயமோ 1808-இல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டியது. பேய்க் கதைகளுக்குப் பேர்போன ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியும் இவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது என்பதை இங்கே வருகிற சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பதில்லை. மாதா கோயில், தர்கா, அம்மன் கோயில் ஆகிய மூன்றும் நடந்தே போய்விடும் தொலைவில் இருப்பதால், மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் மணியோசையும் பாங்கொலியும் ஒலிபெருக்கிப் பாட்டும் ஒன்றையடுத்து ஒன்றாகக் காதில் விழும். அவை ஓய்ந்த பிறகுதான் அலையின் சத்தமே கேட்கத் தொடங்குகிறது.

மணலில் எங்கே உட்காருவது என்பதில் கவனம் வேண்டும். முதன்முறை போனபோது, குவிந்து கிடந்த வலை மெத்தையாக இருக்கிறதே என்று அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அருகிலிருந்த பெரியவர் கோபிக்கவில்லை. “எழுந்திருங்க தம்பி, அது சோறு போடுறது” என்று மட்டும் சொன்னார். வலையை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. செருப்புக் காலோடு படகில் ஏறவும் கூடாது. படகுகளுக்குத் தெற்கிலோ வடக்கிலோ சற்றுத் தள்ளி, அலை நனைக்கும் கோட்டுக்கு மேலே அமர்ந்துகொள்வது எல்லோருக்கும் வசதி. இருட்டிய பிறகு கடலில் கால் நனைக்கவும் இறங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இக்கரையில் அலை திரும்பும்போது உள்ளிழுக்கும் ஓட்டத்துக்கு நீச்சல் தெரிந்தவர்களும் பலியாகியிருக்கிறார்கள். இரவில் உங்களைக் காணவில்லை என்பது கரையில் இருப்பவருக்குத் தெரியவே நேரமாகும்.

ஊரார் மாலையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் நேர்மையான விடை. சிலர் விளக்கடியில் அறுந்த வலைக் கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். படகின் நிழலில் நான்கு பேர் சீட்டாடுவார்கள். பெண்கள் வாசற்படியில் அமர்ந்து அன்றைய மீன் விற்ற கணக்கைப் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். இதில் கலந்துகொள்ளக் கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். தேநீர்க் கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் சும்மா நின்றால், பேச்சு தானாக உங்களிடம் வரும். “அண்ணா, இன்னைக்கு மீன்பாடு எப்படி?” என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். வயதானவர்களை ஐயா, அம்மா என்றும் மற்றவர்களை அண்ணா, அக்கா என்றும் அழைப்பதே இங்கே இயல்பு. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, குறிப்பாகப் பெண்களையும் பிள்ளைகளையும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடற்கரையோரத் தள்ளுவண்டிகளில் மசாலா தடவி வைத்திருக்கும் மீனை உங்கள் கண்முன் கல்லில் போட்டுப் பொரித்துத் தருவார்கள். வஞ்சிரம் கேட்பவர்கள்தான் அதிகம். எனக்கோ சங்கராவும் நெத்திலியும் கடம்பா எனும் கணவாயுமே இந்த ஊரின் சுவையாகத் தெரிகின்றன. மீனின் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வாக்குவாதம் செய்வது இருவருக்கும் அழகன்று. வீட்டு முகப்பில் இட்லி சுட்டு விற்கும் அம்மாக்களின் கடைகள் ஊருக்குள் இருக்கும். மீன்குழம்பு மிஞ்சியிருக்கிறதா என்று பணிவாகக் கேட்டால் சில நாட்களில் கிடைக்கும். மது அருந்திக் கழிக்கத்தான் கடற்கரை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு பயன்படாது. பொதுவிடத்தில் குடிப்பது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அவர்கள் உடைத்துப்போடும் பாட்டில்மேல் விடியற்காலையில் வெறுங்காலோடு படகு தள்ளப் போகிறவர் ஒருவர் இருக்கிறார்.

எட்டரைக்கு மேல் மணலுக்குத் திரும்புங்கள். வடக்கே வானத்தின் அடியில் சென்னையின் வெளிச்சம் சாம்பல் கலந்த ஆரஞ்சுப் படலமாகத் தெரியும். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தென்வானம் ஓரளவு இருட்டாகக் கிடைக்கும். தை, மாசி மாதங்களில் தெற்கே தாழ்வாக ஒளிரும் அகத்திய மீனையும், உச்சியிலோ மேற்கிலோ ஆறாமீன் என்னும் கார்த்திகைக் கூட்டத்தையும் வெறுங்கண்ணால் காணலாம். சில ஆண்டுகளில், நிலவில்லாத இரவுகளில், அலை உடையும்போது நீல ஒளி சிதறுவதும் உண்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் அப்படி நிகழ்ந்தபோது நகரமே திரண்டு வந்து பார்த்தது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகுவதால் உண்டாகும் ஒளி அது. நாள் குறித்து வருவதில்லை. அதற்காகவே வந்து ஏமாற வேண்டாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிடும். ஏழெட்டு வாரங்களில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று எண்ணி நகர்வதால், கரையில் எரியும் ஒரு விளக்கே அவற்றுக்கு எமனாகிவிடும். ஆமையைக் கண்டால் அதன் பின்புறமாகச் சற்று விலகி அசையாமல் நில்லுங்கள். தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். முறையாக ஆமை நடைக்குச் செல்ல விரும்பினால், 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் இரவு தோறும் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் அமைப்பினருடன் செல்லலாம். 2025 ஜனவரியில் இக்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்டவர்களுக்கு, உயிரோடு ஊர்ந்து வரும் ஓர் ஆமை எத்தனை அரிய காட்சி என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பதரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பி, இரண்டே முக்காலுக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள். எழுந்து வெளியே வந்ததும் காற்று மாறியிருப்பது தெரியும். மாலையில் கடலிலிருந்து வீசிய உப்புக் காற்று ஓய்ந்து, கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிட்ட நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று போய்க்கொண்டிருக்கும். பாய்மரக் காலத்தில் இந்தக் கரைக்காற்றைப் பிடித்தே கடலுக்குள் போய், நண்பகலுக்கு மேல் கடற்காற்றில் திரும்பினார்கள். இன்று எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகள் வந்துவிட்டன, ஆனாலும் புறப்படும் நேரம் பெரிதாக மாறவில்லை.

இந்த நேரத்தில் திறந்திருக்கும் டீக்கடைதான் ஊரின் நடு மையம். அங்கே பேச்சு குறைவு, குரல்கள் தணிந்திருக்கும். ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு வாடை எடுக்குமா என்பார். இன்னொருவர் நேற்று வலை எந்தப் பக்கம் இழுபட்டது என்பதைக் கையசைவில் காட்டுவார். நிலவு காய்ந்தால் மீன் வலையைப் பார்த்து விலகிவிடும் என்று அலுத்துக்கொள்வதையும் கேட்கலாம். நீங்கள் ரசிக்க வந்த நிலவு அவர்களுக்கு நட்டம். பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து தோள்கொடுத்துப் படகை நீருக்குள் தள்ளுவார்கள். அலைகளின் இடைவெளியை எண்ணி நின்று, ஒன்று உடைந்து அடுத்தது எழுவதற்குள் தள்ளி ஏறி எஞ்சினை முடுக்குவது சில நொடிகளில் நடந்து முடிகிறது. அப்போது குறுக்கே நிற்காதீர்கள். படகில் ஏறப்போகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்காதீர்கள். புறப்படுகிறவரை அப்படிக் கேட்பது நம் வீடுகளிலேயே வழக்கமில்லை.

படகுகளின் விளக்குகள் புள்ளிகளாகி மறைய அரைமணி நேரம் ஆகும். அதன்பின் கரையில் நிற்பவர் நீங்களும் சில நாய்களுமாகத்தான் இருக்கும். கிழக்கு வெளுக்கும் முன் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சால்வை ஒன்றும், குடிக்கத் தண்ணீரும் கையில் இருந்தால் போதும். முந்தின நாள் மாலையே கடலுக்குப் போய் வலை விட்டவர்கள் பொழுது விடிகையில் திரும்புவார்கள். படகு கரை தொட்டதும் கூடை வந்துவிடும், ஏலம் தொடங்கிவிடும். வாங்குவதாக இருந்தால் ஒதுங்கி நின்று, ஏலம் எடுத்த அக்காவிடம் கேட்டு வாங்குங்கள். நகரத்துக்குத் திரும்பும் பேருந்தில் மீன் பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் காலடியில் வைத்தால், நடத்துனர் ஒன்றும் சொல்ல மாட்டார்.