பறக்கும் ரயில் போதும்: கையைக் கடிக்காமல் சென்னையைச் சுற்றிப் பார்க்க

ஊரிலிருந்து சென்னைக்கு வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு கார் பேசிடலாமா?" என்பதுதான். வேண்டவே வேண்டாம் என்பேன். காருக்குக் கொடுக்கும் ஒருநாள் வாடகையில் ஒரு குடும்பம் மூன்று நாள் சுற்றலாம், அதுவும் பாதி நேரம் சிக்னலில் நிற்காமல். இதற்கு வழி கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து 2007-ல் வேளச்சேரியைத் தொட்ட பாதை இது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் போவதால் மொட்டை மாடிகள், கோயில் கோபுரங்கள், அடையாறு என்று ஊரே ஜன்னல் வழியாகத் தெரியும். டிக்கெட் பத்து ரூபாய்க்குள்.

சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே இரண்டு ஸ்டேஷன்கள். ஒன்று பார்க், அதில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில். அதை அடுத்து பார்க் டவுன், பறக்கும் ரயில் அங்கேதான். சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதையில் போங்கள். எழும்பூரில் இறங்குபவர்கள் மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன் வந்து பார்க்கில் இறங்கி மாறிக்கொள்ளலாம். பஸ்ஸில் கிளாம்பாக்கம் வருகிறவர்கள் அங்கிருந்தே ஆட்டோ பேசி ஊருக்குள் வந்தால் அதிலேயே பணம் கரைந்துவிடும். மாநகர பஸ்ஸில் தாம்பரம் வந்து மின்சார ரயில் ஏறுங்கள், பத்து ரூபாய்தான்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. செயலியில் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், கவுன்டரில் எடுத்தால் ரிட்டர்னும் சேர்த்து வாங்குங்கள், வரிசை மிச்சம். அப்புறம், முதல் வகுப்புப் பெட்டி. பார்க்க மற்ற பெட்டி மாதிரியே இருக்கும், கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிடுவார்கள். என் சித்தப்பா மகன் அப்படி ஏறி, இறங்கும் இடத்தில் அபராதம் கட்டினான், ஒருநாள் சாப்பாட்டுச் செலவு அதில் போயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். பெண்கள் பெட்டியையும் அப்படியே.

இனி முதல் நாள். கூடுமானவரை அதிகாலையில் ஆரம்பியுங்கள். திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பார்த்தசாரதி கோயில். பக்கத்துத் தெருவிலேயே பாரதி கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு இருக்கிறது, நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் வட்ட வடிவ முகப்போடு விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது, 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இந்தப் பெயர். எதிரே மெரினா. கடலைப் பாருங்கள், காலை நனையுங்கள், குளிக்க மட்டும் இறங்காதீர்கள். அலை இழுப்பு மோசம், ஒவ்வொரு வருஷமும் வெளியூர்ப் பிள்ளைகள்தான் மாட்டுகிறார்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மணலோரமாகத் தெற்கே நடந்தால் கலங்கரை விளக்கம். 1977-ல் திறந்தது, லிஃப்டில் மேலே போகலாம், திங்கட்கிழமை விடுமுறை. மேலேயிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர் முழுக்க. இந்தக் காட்சிக்கு அந்தச் சின்ன நுழைவுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. இது பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அதற்கு முன்னால் டிபனை முடித்துவிடலாம். பார்த்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன், அடுத்து முண்டகக்கண்ணியம்மன் கோயில், அதற்கடுத்து திருமயிலை.

மயிலாப்பூரில் அவசரப்படாதீர்கள். கபாலீசுவரர் கோயில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கும், அதனால் பதினொன்றரைக்குள் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு மாட வீதியும் நடக்க வேண்டும். பூக்கடை, பாத்திரக்கடை, பூஜை சாமான் கடை, சந்தில் காபிப்பொடி வாசம், இதற்கெல்லாம் யாரும் டிக்கெட் கேட்கப்போவதில்லை.

மதியம்தான் சிக்கல். கோயில் மூடிவிடும், வெயில் மண்டையைப் பிளக்கும், எங்கே போவது? இதற்கு நான் கண்டுவைத்திருக்கும் இடம் கோட்டூர்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, ஒன்பது மாடி, உள்ளே போகப் பணம் கிடையாது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, அங்கே மரம் மாதிரி அலங்கரித்த இடத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். தமிழ்ப் புத்தகங்களுக்கு என்று ஒரு தளம் இருக்கிறது, அதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சுற்றுலா வழிகாட்டிகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்குத் தீராத குறை.

சாயங்காலம் கஸ்தூரிபாய் நகர் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் பெசன்ட் நகர் கடற்கரை. சாதா பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், அதிலும் பெண்களுக்கு இலவசம். முன்னாலும் பின்னாலும் பிங்க் நிறம் அடித்த பஸ் வந்தால் அம்மா, அக்கா எல்லோரும் தைரியமாக ஏறலாம், நடத்துநர் பணமில்லாத சீட்டு கொடுப்பார்.

இரண்டாம் நாள் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அமராவதிச் சிற்பங்களையும் விடாதீர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே வெள்ளிதான், அதனால் வெள்ளியன்று இந்தப் பக்கமே திட்டம் போடாதீர்கள். அன்றைக்குப் பரங்கிமலை போகலாம், மின்சார ரயிலில் இறங்கி 130-க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் பழைய தேவாலயம், கீழே விமானங்கள் இறங்குவது தெரியும், பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

மூன்றாம் நாள் இருந்தால் மாமல்லபுரம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக பஸ் உண்டு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. அர்ச்சுனன் தபசைத் தெருவில் நின்றே பார்க்கலாம். வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, செவ்வாயன்று மட்டும் மூடியிருக்கும்.

தங்குவதற்கு: ஆண்கள் மட்டும் என்றால் திருவல்லிக்கேணி மேன்சன்கள், குடும்பம் என்றால் எழும்பூர்ப் பக்கம் லாட்ஜ், எதற்கும் அறையைப் பார்த்த பிறகே முன்பணம். சாப்பாடு: அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, தயிர் சாதம் 3. சூடாக இருக்கும்போது போக வேண்டும், மதியம் இரண்டு மணிக்குப் போனால் தீர்ந்திருக்கும். ஆட்டோ தேவைப்பட்டால் செயலியில் விலை பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஸ்டேஷன் வாசலை விட்டு நூறடி தள்ளி வந்து கேட்டாலே தொகை இறங்கும்.

காலை எட்டு முதல் பத்து, மாலை ஐந்து முதல் எட்டு வரை தாம்பரம் பாதையில் கூட்டம் நெரியும். பறக்கும் ரயில் அவ்வளவு இருக்காது. ஆனால் அதன் ஸ்டேஷன்கள் பிரம்மாண்டமாகக் கட்டிய காலி மண்டபங்கள் மாதிரி, இரவு ஒன்பதுக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். தனியாக வரும் பெண்கள் அதற்குள் கிளம்பிவிடுவது நல்லது, நேரமாகிவிட்டால் பஸ்ஸோ மெட்ரோவோ பாருங்கள்.

ஊர் திரும்பும் நாளில் அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு சென்ட்ரல் க்ளோக் ரூமில் பெட்டியைப் போட்டுவிடுங்கள், பெட்டிக்குப் பூட்டும் கையில் ரயில் டிக்கெட்டும் இருக்க வேண்டும். ராத்திரி வண்டி என்றால் ஏழு மணி வரை மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரலாம். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் ஏறினால் பார்க் டவுன் நாலாவது ஸ்டேஷன்.