முடிவே இல்லாத கேம் உலகம் பண்றது எப்படி? உருண்டை உலகமும் சேர்த்து

கேம்ல எந்தப் பக்கம் ஓடினாலும் உலகம் வந்துகிட்டே இருக்கே, இவ்ளோத்தையும் எங்க சேவ் பண்ணி வச்சிருக்காங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்கயும் வைக்கல. ப்ளேயரைச் சுத்தி கொஞ்ச தூரம் மட்டும்தான் அந்த நேரத்துல இருக்கு, மிச்சம் எல்லாம் அங்க போகும்போது கணக்குப் போட்டு வரவைக்கிறதுதான். யூனிட்டி, கோடோட் மாதிரி கேம் எஞ்சின் (கேம் பண்ற சாஃப்ட்வேர்), இல்ல பைத்தான் மொழி, எதுல பண்ணாலும் கணக்கு ஒண்ணுதான், அதனால எஞ்சின் சண்டைக்கு இங்க வேலை இல்ல.

ஸ்டெப் 1: ஓரத்தை ஒட்டிடுங்க

இருக்கிறதுலயே ஈஸி இதான். 1979ல வந்த ஆஸ்டராய்ட்ஸ்ல கப்பல் வலது பக்கம் வெளிய போனா இடது பக்கம் உள்ள வரும். மேப் அகலம் 1000னா, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் (திரையை ஒவ்வொரு தடவை வரையும்போதும்) ப்ளேயரோட எக்ஸை, அதாவது இடம் வலம் சொல்ற எண்ணை, 1000ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோங்க, முடிஞ்சது. ஆனா மைனஸ் பக்கம் போனா கவனம், பைத்தான்ல மைனஸ் 3க்கு மீதி 997னு ஒழுங்கா வரும், சி, சி ஷார்ப், ஜாவாவுல மைனஸ் 3னே வந்து நிக்கும், அதனால அங்க 1000ஐக் கூட்டி இன்னொரு தடவை மீதி எடுங்க.

அடுத்து தூரம். நீங்க 990ல நிக்கிறீங்க, எதிரி 10ல நிக்கிறான். நேரா கழிச்சா 980, அதனால அவன் உங்களைப் பார்க்காத மாதிரி சும்மா நிப்பான், நிஜத்துல ஓரத்தைத் தாண்டினா 20தான். வித்தியாசம் 500க்கு மேல போனா 1000ஐக் கழிங்க, மைனஸ் 500க்குக் கீழ போனா 1000ஐக் கூட்டுங்க. அதே மாதிரி ஓரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பொருளை ரெண்டு பக்கமும் வரைஞ்சுடுங்க, இல்லன்னா பாதி மரம் காணாம போகும்.

இன்னொண்ணு, மேல கீழ ரெண்டையும் ஒட்டிட்டா உலகம் உருண்டை ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அது சைக்கிள் டியூப் வடிவம். உருண்டைல வட துருவத்தைத் தாண்டினா அந்தப் பக்கம் இறங்குவோம், தெற்கு முனைல போய் முளைக்க மாட்டோம். பழைய ஆர்பிஜி (ரோல் ப்ளேயிங் கேம்) மேப் நிறைய இப்படி டியூப்தான், யாரும் கண்டுக்கல, நீங்களும் கண்டுக்க வேணாம்.

ஸ்டெப் 2: துண்டு துண்டா வெட்டுங்க

உண்மையிலேயே புது இடம் வந்துகிட்டே இருக்கணும்னா சங்க் வேணும், அதாவது உலகத்தை வெட்டின ஒரு துண்டு. மைன்கிராஃப்ட்ல தரையில 16க்கு 16 பிளாக் ஒரு சங்க். ப்ளேயர் எக்ஸை 16ஆல வகுத்து ஃப்ளோர் போட்டா (அதுக்குக் கீழ இருக்கிற முழு எண்ணுக்கு இறக்கினா) சங்க் நம்பர். புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டி வெறும் இன்டிஜரா (முழு எண்ணா) மாத்திடாதீங்க, அப்போ மைனஸ் 1ம் 0, 1ம் 0ன்னு ரெண்டு பக்கமும் ஒரே சங்க்ல விழும். ப்ளேயரைச் சுத்தி நாலஞ்சு சங்க் தூரம் உருவாக்குங்க, தள்ளிப் போனதை அழிச்சுடுங்க.

ஸ்டெப் 3: சீட் போடுங்க

அழிச்ச சங்க்குக்குத் திரும்பி வந்தா அதே மலை அதே இடத்துல இருக்கணும்ல? அதுக்குத்தான் சீட் (seed), ரேண்டம் எண் வரிசையை ஆரம்பிக்கிற எண், அதே சீட் குடுத்தா அதே வரிசைதான் வரும். பிகினர்ஸ் நிறைய பேர் மாட்டுறது இங்கதான். ஆரம்பத்துல ஒரு தடவை சீட் குடுத்துட்டு, அதே ரேண்டமை வரிசையா எல்லா சங்க்குக்கும் கூப்பிட்டா, நீங்க முதல்ல கிழக்க போனா ஒரு உலகம், மேற்க போனா வேற உலகம். சீட், சங்க் எக்ஸ், சங்க் ஒய் மூணையும் சேர்த்து ஹேஷ் பண்ணி (கலக்கி ஒரே எண்ணா மாத்தி) ஒவ்வொரு சங்க்குக்கும் தனி ரேண்டம் ஆரம்பிங்க. மலை, பள்ளத்தோட உயரத்தைத் தர்ற நாய்ஸ் ஃபங்ஷனுக்கு (பக்கத்துப் பக்கத்துல மெதுவா மாறுற ரேண்டம் கணக்கு) உலக கோஆர்டினேட்டைக் குடுங்க, சங்க்குக்குள்ள இருக்கிற 0 முதல் 15ஐக் குடுத்தா எல்லா சங்க்கும் ஒரே மாதிரி வந்து ஓரத்துல சுவர் மாதிரி நிக்கும். ப்ளேயர் வெட்டினது, கட்டினது மட்டும் ஃபைல்ல போனா போதும்.

1984லயே எலைட் கேம்ல, 32 கேபி மெமரி இருந்த பிபிசி மைக்ரோல, 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம்னு இப்படித்தான் ஓட்டினாங்க. நோ மேன்ஸ் ஸ்கைல அதே ஐடியாதான், சீட் 64 பிட்.

ஸ்டெப் 4: ஒரிஜினை (0 புள்ளியை) நகர்த்துங்க

ரொம்ப தூரம் போனா கை, துப்பாக்கி எல்லாம் நடுங்க ஆரம்பிக்கும். காரணம் 32 பிட் ஃப்ளோட், அதாவது எஞ்சின் பொசிஷனை வச்சிருக்கிற தசம எண் வகை, எண் பெருசாக பெருசாக துல்லியம் குறையும். 1 யூனிட் 1 மீட்டர்னா, 100 கிலோமீட்டர்ல பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் இடைவெளி, 1,67,77,216ஐத் தாண்டினா ஒற்றைப்படை எண்ணே கிடையாது. மைன்கிராஃப்ட்ல 1.25 கோடி பிளாக் தாண்டி நிலம் கிழிஞ்சு கிடந்த ஃபார் லேண்ட்ஸ் இந்தக் கேஸ் இல்ல, அது நாய்ஸ் கணக்குல இன்டிஜர் ஓவர்ஃப்ளோ (முழு எண் அதோட உச்ச வரம்பைத் தாண்டினது).

தீர்வு சிம்பிள்: ப்ளேயர் 5000 யூனிட் தாண்டினதும் அவரோட பொசிஷனை எல்லாப் பொருள்லயும் கழிச்சுடுங்க, அவர் மறுபடி 0ல இருப்பார், வேகத்தைத் தொடாதீங்க. நிஜமா எங்க இருக்கோம்கிறதை சங்க் நம்பரா இன்டிஜர்ல வச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: உருண்டை

முதல்ல, உருண்டை மாதிரி தெரிஞ்சா போதுமான்னு முடிவு பண்ணுங்க. பெரும்பாலும் போதும். வெர்டெக்ஸ் ஷேடர்ல (மாடலோட ஒவ்வொரு புள்ளியும் திரைல எங்க விழணும்னு கணக்குப் போடுற குட்டி ப்ரோக்ராம்), கேமராலேருந்து இருக்கிற தூரத்தோட வர்க்கத்தை ரேடியஸோட ரெண்டு மடங்கால வகுத்து அவ்ளோ கீழ இறக்குங்க. ரேடியஸ் 200னா 20 யூனிட் தள்ளி இருக்கிற மரம் 1 யூனிட் இறங்கும். அனிமல் கிராஸிங்ல உலகம் உருளுற மாதிரி தெரியுறது இந்த வகை வளைப்புதான். இது கண்ணுக்கு மட்டும், கொலிஷன் (எது எது மேல மோதுதுன்னு பார்க்கிற கணக்கு) இன்னும் தட்டையாத்தான் இருக்கும், அதனால தூரத்துல மவுஸ் கிளிக் தப்பான இடத்துல விழுந்தா ஆச்சரியப்படாதீங்க.

நிஜ உருண்டை வேணும்னா ஒரு க்யூபை எடுத்து ஒவ்வொரு முகத்தையும் கட்டம் கட்டமா பிரிச்சு, எல்லாப் புள்ளியையும் மையத்துலேருந்து ஒரே தூரத்துக்குத் தள்ளுங்க. அட்சரேகை தீர்க்கரேகை கட்டம் வேணாம், துருவத்துல எல்லாம் ஒரு புள்ளில போய் நசுங்கும். அறுகோணத்தால மட்டும் மூடலாம்னு ட்ரை பண்ணாதீங்க, சரியா 12 ஐங்கோணம் வந்தே தீரும், அது கணித மேதை ஆய்லரோட சூத்திரம். நாய்ஸை 3டியா எடுங்க, ஒட்டுற கோடே தெரியாது.

கிராவிட்டி: ப்ளேயர் பொசிஷன்ல கிரக மையத்தைக் கழிச்சு நார்மலைஸ் பண்ணா (திசையை மட்டும் வச்சு நீளத்தை 1 ஆக்கினா) அதுதான் மேல், அதுக்கு எதிர்ப்பக்கம் இழுங்க. கேமராவுக்கும் அந்த மேல் திசையையே குடுங்க. எஞ்சினோட ஒய் அச்சையே மேல் திசையா விட்டு வச்சீங்கன்னா மேல் பாதி வரைக்கும் ஓகேவா இருக்கும், அடிப்பக்கம் போனதும் ப்ளேயர் தலைகீழா நடப்பார், லெஃப்ட் அமுக்கினா ரைட்ல போவார்.