உறுமி மேளத்தை ஸ்டீரியோவில் பதிவு செய்ய: இரண்டு மைக்கை எப்படி வைப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் உறுமி மேளத்தைப் பதிவு செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நேரில் இந்தப் பக்கம் பம்பை, அந்தப் பக்கம் தப்பு என்று பிரிந்து கேட்டது, ஹெட்போனில் போட்டால் எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கிறது. விலை உயர்ந்த மைக் வாங்கினாலும் இது தீராது. இரண்டு கேப்ஸ்யூலுக்கும் (மைக்கில் ஒலியைப் பிடிக்கும் முனை) இடையிலுள்ள கோணமும் இடைவெளியும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் இருப்பது எக்ஸ்ஒய் அமைப்பு. இரண்டு கார்டியாய்டு (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் எடுக்கும்) கேப்ஸ்யூல்களும் ஒரே புள்ளியில் 90 டிகிரியில் குறுக்காக நிற்கும். 90 டிகிரிக்குள் இருப்பது ஸ்பீக்கர் முதல் ஸ்பீக்கர் வரை விரியும் என்று நினைப்பது தவறு. இந்த அமைப்பு விரித்துக் காட்டும் பரப்பு ஏறக்குறைய 180 டிகிரி. நாலு மீட்டர் அகலத்தில் நிற்கும் குழுவை மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடித்தால் அது 67 டிகிரிதான் அடைக்கும், அதனால்தான் நடுவில் ஒடுங்குகிறது. ஜூம் எச்4என் போன்றவற்றில் கேப்ஸ்யூலை 120 டிகிரிக்குத் திருப்பலாம். விரிவு கூடும், ஆனால் நடுவில் நிற்கும் பாடகர் இரண்டு கேப்ஸ்யூலுக்கும் 60 டிகிரி ஓரத்தில் போய்விடுவார், குரலின் கூர்மை மங்கும்.

தனித்தனி மைக் இரண்டு இருந்தால் ஓஆர்டிஎஃப் அமைப்பில் தொடங்குங்கள். பிரெஞ்சு வானொலி வகுத்த முறை இது: இரண்டு கார்டியாய்டு, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம், முகங்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அளவுகோலை மைக்கின் உடலில் வைக்காமல் கேப்ஸ்யூலின் முனைக்கு முனை வைத்து அளந்துகொள்ளுங்கள். உடலை அளந்தால் பல சென்டிமீட்டர் தவறிவிடும். இதன் பரப்பு சுமார் 96 டிகிரி. ஆகவே அதே நாலு மீட்டர் குழுவுக்கு நடுவில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஸ்டாண்டை நிறுத்தினால் ஓரத்து ஆட்களின் ஒலி ஸ்பீக்கரின் ஓரத்திலேயே கேட்கும். இன்னும் நெருங்கினால் அவர்கள் இடது, வலது ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்வார்கள். தள்ளிப்போனால் குழு ஒடுங்கும். உயரம் தலைக்குச் சற்று மேலே, இரண்டு மீட்டர் அளவில், கீழ்நோக்கிச் சாய்த்து.

உறுமியை உரசும்போது எழும் அந்தக் கனத்த முனகல்தான் மேளத்தின் உயிர், அதைக் கார்டியாய்டு தூரத்திலிருந்து மெலிதாகவே எடுக்கும். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி எடுக்கும் ஓம்னி மைக் இரண்டை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக வைக்கும் ஏபி அமைப்பில் அது முழுசாக விழும். ஆனால் தகரக் கூரையின் எதிரொலியும் கூட்டத்தின் பேச்சும் சேர்ந்தே வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். நடுவிலிருந்து 30 டிகிரி தள்ளி நிற்பவரின் ஒலி தூரத்து மைக்குக்கு 25 சென்டிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், அதாவது 0.7 மில்லிவினாடி தாமதம். இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் (மோனோ) 700 ஹெர்ட்ஸ் அருகிலும், பிறகு 2100, 3500 ஹெர்ட்ஸிலும் ஒலி அறுபடும், பாட்டு குழாய்க்குள் கேட்பதுபோல் ஆகும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதைப் பெரும்பாலானவர்கள் ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்கிறார்கள், கோயில் குழாய் ஸ்பீக்கரும் மோனோதான். ஓஆர்டிஎஃப்பிலும் தாமதம் உண்டு. ஆனால் ஓரத்து ஒலி ஒரு மைக்கில் உரக்கவும் மற்றதில் தணிவாகவும் விழுவதால் அறுபடுவது லேசாக இருக்கும். எக்ஸ்ஒய்யில் இது அநேகமாக இல்லவே இல்லை.

மோனோ முக்கியம் என்றால் எம்எஸ் அமைப்பு மிக நல்லது. முன்னால் பார்க்கும் கார்டியாய்டு ஒன்று, அதன் மேல் பக்கவாட்டில் பார்க்கும், இரு முகத்திலும் ஒலி எடுக்கும் எட்டு வடிவ மைக் ஒன்று. எட்டு வடிவத்தின் நேர்முகம் இடது பக்கம் இருக்கட்டும். கணினியில் பக்க டிராக்கை இரட்டித்து, ஒன்றை இடக்கோடியிலும், ஒலி அலையைத் தலைகீழாக்கிய (போலாரிட்டி மாற்றிய) மற்றதை வலக்கோடியிலும் வையுங்கள். விரிவைப் பின்னால் கூட்டலாம், குறைக்கலாம். மோனோவில் பக்க ஒலி தானாகவே ரத்தாகி முன் மைக் மட்டும் நிற்கும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். குழுவை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி உச்சம் −12 டெசிபெல்லில் நிற்குமாறு கெயின் (ரெக்கார்டர் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். ஒத்திகையில் அடிப்பதைவிடச் சாமி வரும்போது கூடத்தான் அடிப்பார்கள். மீட்டர் தாழ்ந்திருந்தும் ஒலி கிழிந்தால் மைக்கே தாங்கவில்லை என்று பொருள். கெயினைக் குறைத்துப் பயனில்லை, மைக்கைப் பின்னே நகர்த்துங்கள், அல்லது மைக்கில் ஒலியைத் தணிக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள்.

கடைசியாக, ஒருவரை இடமிருந்து வலமாகக் கைதட்டிக்கொண்டே நடக்கச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். தட்டல் இடையில் தாவினால் கோணமோ இடைவெளியோ அதிகம். வலமிருந்து இடமாக நகர்ந்தால் கேபிள் மாறியிருக்கிறது. பிறகு மோனோ பட்டனை அழுத்தி இன்னொருமுறை கேளுங்கள்.