கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாதப் பாடம்

நாலு முதல் ஏழு வயதுப் பிள்ளைக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்லித்தர, ஐம்பது படம் ஒட்டிய சார்ட்டைவிட ஒரே ஒரு உயிருள்ள புழு மேல். கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடியின் கொழுந்துகளைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். கடுகளவில் வெளிர்மஞ்சள் உருண்டை தெரிந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் முட்டை. இலைமேல் பறவை எச்சம் மாதிரி கிடப்பது புழு. எச்சம் என்று நினைத்துக் குருவிகள் கொத்தாமல் போய்விடும். மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை மட்டும் தொடவிடாதீர்கள், அரிக்கும்.

ஒன்றோ இரண்டோ போதும். புழுவைப் பிய்த்து எடுக்காமல், அது இருக்கும் இலையைக் காம்போடு கத்தரியுங்கள். தண்ணீர் ஊற்றிய சின்ன மருந்து பாட்டிலில் காம்பைச் செருகி, வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். இடைவெளி இருந்தால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். இதை வாயகன்ற 2 லிட்டர் டப்பாவில் வைத்து, அடியில் டிஷ்யூ விரித்து, மேலே கொசுவலைத் துணி கட்டி, நிழலில் வையுங்கள். மூடி போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். அதில் பூச்சிமருந்து இருந்தால் கழுவினாலும் முழுக்கப் போகாது.

தினமும் டிஷ்யூ மாற்றி, புது இலை வைத்து, பக்கத்தில் ஸ்கேல் பிடித்து அளந்து, பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். புழு ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தட்டி எழுப்பாதீர்கள், தோலுரிக்கப்போகிறது. உரித்த தோலை அதுவே தின்பதைப் பிள்ளை பார்க்கட்டும். நாலாவது முறை உரித்ததும் பச்சையாகிவிடும். அப்போது மெல்லிய பிரஷால் தலைக்குப் பின்னால் ஒரே ஒரு முறை தொட்டால், கவட்டைபோல் சிவந்த கொம்பு நீண்டு நாற்றமடிக்கும். எதிரியை விரட்டும் வழி அது.

சுமார் 4 செ.மீ. வளர்ந்தபின் தண்ணீராகக் கழிந்துவிட்டு அங்குமிங்கும் அலையும். நோயல்ல, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஒரு குச்சியை நட்டு வையுங்கள்; இடுப்பைச் சுற்றி இழை கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். இனி இலை வேண்டாம். பெரும்பாலும் பத்து நாளுக்குள் கூடு கறுத்து இறகின் கோலம் தெரியும். சில சமயம் கூட்டில் ஓட்டை விழுந்து குளவி வெளியே வரும். அதையும் மறைக்காமல் காட்டுங்கள்: புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் இனம் அது.

வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் இறகு கசங்கியிருக்கும். தொங்கப் பிடிமானம் இல்லாவிட்டால் கோணலாகவே காய்ந்துவிடும். சொட்டும் சிவந்த நீர் ரத்தமல்ல, கழிவு. இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டு, வெயில் ஏறியதும் அதே செடியருகே துணியை அவிழ்த்துவிடுங்கள்.