வீட்டில் பழைய சோவியத் புத்தகம் இருக்கிறதா?

முன்னேற்றப் பதிப்பகம், மீர், ராதுகா என்ற பதிப்பகங்கள் வழியாக மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த புத்தகங்கள் யாராவது வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், ஸ்கேன் செய்து வையுங்கள். முதுகைப் பிரிக்க வேண்டாம். முழுதாக விரியாத புத்தகம் என்றால் கண்ணாடித் தகட்டை மெதுவாக மேலே வைத்து, நேர் மேலிருந்து போனிலேயே படம் எடுக்கலாம். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்கேனர் இருந்தால் எழுத்துப் பக்கங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். ஆனால் குழந்தைகள் புத்தகத்தின் வண்ணப் படங்களை 600-இல் எடுங்கள், அந்த ஓவியங்களுக்கு அந்தச் சிரமம் தகும். அப்புறம் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் சாய்வைச் சரிசெய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் புத்தகத்துக்குள் சொல் தேட முடியும். பிழைகள் வரும், பரவாயில்லை.

முக்கியமாக, ரஷ்ய மொழியில் பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மூலத் தலைப்பும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் சேருங்கள், அவர்கள் உழைப்பு அது. இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும், மொழிபெயர்ப்புக்கும் அப்படியே. ஆகவே பொதுவில் வைக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.